தவிடு நீக்காத தானியமும் நஞ்சு கலவாத விளைச்சலும்

(நாலந்தாவில் நடைபெற்ற எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உணவைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தார்கள். நாற்பது ஆண்டுகளாக அடுப்படியில் அரிசி களைந்து, சுளகில் மா புடைத்து, குடும்பத்தைக் காத்த தாய்மார்கள் முன்னிலையில், கல்லூரியில் நாலு புத்தகம் புரட்டிய நாம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான். ஆயினும் விற்க வந்த ஊசியைக் காட்டாமல் திரும்புவதும் அழகன்று. ஆகவே பொறுத்துக் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.

இன்று கொழும்பிலும் கண்டியிலும் பெரிய கடைகளுக்குள் நுழைந்தால், அழகான பொதிகளில் "முழுத்தானிய உணவு" என்றும் "சேதன உணவு" என்றும் எழுதி அடுக்கி வைத்திருப்பதைக் காணலாம். பெரும்பாலும் இரண்டு சொற்களும் ஒரே பொதியில் இருக்கும். விலையும் அப்படியே இருக்கும். இதனால் நம்மவர் மனத்தில் ஓர் எண்ணம் ஊன்றிவிட்டது. முழுத்தானியமும் சேதன உணவும் ஒன்றே, அவை இரண்டும் காசுள்ளவர்களுக்கு உரியவை, நமக்கு வாய்த்தது வெள்ளைச் சோறும் கோதுமை மா ரொட்டியுமே என்பதுதான் அந்த எண்ணம். இது பிழையான எண்ணம் என்பதே நாம் சொல்ல வந்தது. தானியத்தைத் தவிட்டோடு உண்பது ஒரு விடயம். இரசாயனப் பசளையும் பூச்சிநாசினியும் இன்றி விளைந்ததை உண்பது வேறொரு விடயம். முதலாவது பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. இரண்டாவது நம் கையில் மட்டும் இல்லை. கைக்கு எட்டியதை விட்டுவிட்டு எட்டாததை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதால் இரண்டையும் இழந்து நிற்கிறோம்.

முதலில் ஒரு நெல்மணியைப் பார்ப்போம். மேலே உமி. அதை மனிதன் தின்ன முடியாது. உமிக்கு உள்ளே மெல்லிய தோல் போலத் தவிடு. ஒரு மூலையில் முளை. நடுவே மாப்பொருள். நூறு இறாத்தல் நெல்லைக் குற்றினால் உமியாக இருபது இறாத்தல் அளவு போகும். தவிடும் முளையுமாகப் போவது எட்டு முதல் பத்து இறாத்தல். இந்த எட்டுப் பத்து இறாத்தலில்தான் நார்ச்சத்தின் பெரும்பகுதி, இரும்பு முதலான தாதுக்கள், எண்ணெய், பி வகை உயிர்ச்சத்துகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஆலை முதலாளி அதை நன்றாகத் தீட்டி எடுத்து, வெண்முத்துப் போன்ற அரிசியை நமக்குத் தருகிறார். தவிட்டைக் கோழித் தீனுக்கு விற்கிறார். எண்ணிப் பார்த்தால் நம் வீட்டுக் கோழி நம்மை விட நல்ல சாப்பாடு சாப்பிடுகிறது.

முதலாளியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தவிட்டில் உள்ள எண்ணெய் நாட்பட்டால் காறல் மணம் எடுக்கும். வண்டும் விரைவில் விழும். தீட்டிய அரிசி மாதக் கணக்கில் கெடாமல் இருக்கும். வியாபாரிக்கு வசதியானது வெள்ளை அரிசி. அதனையே நாளடைவில் நாமும் கௌரவமான அரிசி என்று எண்ணத் தலைப்பட்டோம்.

கோழி என்றதும் ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. 'பெரிபெரி' என்றொரு நோய் இருந்தது. கால் மரத்து, நடை தளர்ந்து, உடம்பு வீங்கி, இருதயம் சோர்ந்து மனிதர் மாண்டு போவர். இப்பெயர் சிங்கள மொழியில் 'முடியாது' என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது என்பர். நடக்க முடியாது, நிற்க முடியாது என்று நோயாளி சொன்ன சொல்லே நோயின் பெயராயிற்றுப் போலும். 1880களின் பிற்பகுதியில் ஜாவாத் தீவில், பத்தாவியா நகர இராணுவ வைத்தியசாலையில், கிறிஸ்தியான் எய்க்மான் என்ற ஒல்லாந்த வைத்தியர் இந்நோயின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்கும் அதே போன்ற தளர்ச்சி வந்தது. சில காலத்தில் தானாகவே மாறியது. விசாரித்தால், நோய் வந்த காலத்தில் கோழிகளுக்கு வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், இராணுவச் சோற்றை ஊர்க் கோழிக்குப் போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். பிறகு தீட்டாத அரிசியைப் போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன! அந்தச் சமையற்காரரின் கஞ்சத்தனம் உலகத்துக்குச் செய்த உபகாரம் பெரிது. எய்க்மானுக்கு 1929ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. சமையற்காரரின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை.

இனி நாம் சொல்லப் போவது நம்மவர்களைப் பற்றியது. ஆதலால் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் சீனத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் பக்கத்துப் பக்கத்தில் உழைத்தனர். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே கொசு. ஆனால் பெரிபெரி நோய் சீனரை ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போயிற்று. தமிழரை அவ்வளவாகத் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் வைத்தியராக இருந்த பிராடன் என்பவர் இதைக் கவனித்தார். சீனர் உண்டது சீயத்திலிருந்து வந்த தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1905ஆம் ஆண்டில் பிளெச்சர் என்னும் வைத்தியர் கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குப் பச்சையரிசியும் மறு கூறுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சையரிசி உண்டவர்களிடையே நோய் பரவியது. மற்றவர்களிடம் இல்லை என்றே சொல்லலாம்.

காரணம் பின்னால்தான் தெளிவாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி வகைச் சத்துகளில் ஒரு பகுதி நீரோடு கரைந்து மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன் பின் தீட்டினாலும் அச்சத்து முழுவதும் போய்விடுவதில்லை. 1926ஆம் ஆண்டில் ஜாவாவிலேயே யான்சன், டோனாத் என்ற இருவர் அரிசித் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தனர். இன்று அதைத் தயமின் என்கிறோம். நம் பாட்டிமார் தயமினைக் கண்டார்களா? இல்லை. நெல்லை அவித்துக் காயவைத்தால் குற்றும்போது உடையாது, நாட்படக் கெடாது என்பதை அறிந்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தை மூட்டையோடு கடல் கடந்தும் கொண்டு போனார்கள். அது அவர்களின் உயிரைக் காத்தது. முன்னோர் செய்ததெல்லாம் விஞ்ஞானம் என்று பேசுவோர் கூட்டத்தில் நாம் சேரவில்லை. சேரும் எண்ணமும் இல்லை. ஆனால் இந்த ஒரு காரியத்தில் அவர்களுடைய பானை சரியாக இருந்தது.

அப்படி நெல் அவித்து உண்ட மக்களின் பிள்ளைகள் எப்படிக் கோதுமை மாவுக்கு வந்தோம்? மன்னாரில் இறங்கி, காடும் முள்ளும் கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் மூதாதையரின் பாதை இந்தச் சபைக்கு வெளியே ஓடும் பெருந்தெருவை ஒட்டியதுதான். தோட்டங்களில் அவர்களுக்கு அரிசி அளந்து கொடுத்தார்கள். அவ்வரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்துக் குன்றியது. பங்கீட்டில் கோதுமை மா நுழைந்தது. பின்னர் 1970களின் பஞ்ச காலத்தில் அந்த மாவும் கிடைக்காமல் தோட்ட மக்கள் பட்ட பாட்டை இங்குள்ள முதியோர் எம்மை விட நன்கு அறிவர். 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் பின் மலிவாகவும் தடையின்றியும் கிடைத்தது வெள்ளைக் கோதுமை மாவே. அதிகாலையில் மலைக்கு ஏறும் தாய்க்கு ரொட்டி தட்டுவது எளிது. துணியில் சுற்றிக் கொண்டு போகலாம். கறி இல்லாவிட்டாலும் ஒரு சம்பலோடு பசி அடங்கும். வறுமையும் நேரமின்மையும் சேர்ந்து கொடுத்த உணவு அது. அதை உண்டவர்களைக் குற்றம் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் கோதுமையிலும் கதை இதுவேதான். நூறு பங்கு கோதுமையில் எழுபது எழுபத்தைந்து பங்கையே வெள்ளை மாவாக எடுக்கிறார்கள். தவிடும் முளையும் அங்கேயும் கால்நடைக்குப் போகின்றன.

இன்று நமக்குப் பெரிபெரி இல்லை. வேறொன்று வந்திருக்கிறது. 2018-2019ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வளர்ந்தோரிடையே நடத்திய ஓர் ஆய்வில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர். இச்சபையில் நாலு பேர் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு வாங்கையும் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். நோய்க்கு அரிசியும் மாவும் மாத்திரம் காரணமல்ல. சீனி, உடல் உழைப்புக் குறைவு, பரம்பரை, பருமன் எல்லாம் சேர்கின்றன. எனினும் தவிடு நீங்கிய மாப்பொருள் வயிற்றில் விரைவாகச் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறுகிறது. தவிடோடு கூடியது மெல்ல ஏறுகிறது. மலை ஏறி இறங்கிய பாட்டனார் உண்ட சோற்றின் அளவையே, மேசைக்கு முன் இருந்து வேலை செய்யும் பேரனும் உண்கிறான். அதிலும் பாட்டனாருக்குக் கிடைத்த தவிடு இவனுக்கு இல்லை.

ஆகவே கைக்கு எட்டியது என்ன என்று பார்ப்போம். சிவப்பு நாட்டரிசி எந்தக் கடையிலும் உண்டு. ஆனால் சிவப்பு நிறத்தைக் கண்டு மட்டும் ஏமாற வேண்டாம். சிவப்பரிசியையும் வெளுக்கத் தீட்டி, ஆங்காங்கே செங்கோடு மட்டும் தெரியும்படி விற்கிறார்கள். மணி முழுவதும் நிறம் படிந்திருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஊரிலே நெல் வைத்திருப்போர் ஆலைக்காரரிடம் ஒரு தடவை தீட்டினால் போதும் என்று சொல்லிக் குற்றிக்கொள்ளலாம். மூட்டையாக வாங்காமல் இரண்டு கிழமைக்கு ஆனதை மாத்திரம் வாங்கினால் காறாது. சமைக்குமுன் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் சற்றுக் கூட்டி வைத்தால் மெத்தென்று வேகும். அரிசியை ஏழு தண்ணீரில் கழுவி, பின்பு கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் மீந்திருக்கும் சத்தும் வாய்க்காலுக்குப் போய்விடும். வடித்த கஞ்சியில் உப்பிட்டுக் குடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அது நல்ல வழக்கம். சிவப்பரிசி பிடிக்கவில்லை என்போர் புழுங்கலரிசியையாவது விடாதிருக்கலாம். பச்சையரிசிக்கு அது எவ்வளவோ மேல்.

மா வேண்டுமென்றால் ஆட்டா மாவைப் பாதிக்குப் பாதி கலந்து ரொட்டி தட்டலாம். எடுத்த எடுப்பில் முழுவதும் மாற்றினால் வீட்டில் கலகம் வரும். பாண் விடயத்திலும் அவதானம் தேவை. தவிட்டு நிறமாக இருக்கும் பாணெல்லாம் தவிட்டுப் பாண் அல்ல. நிறம் ஊட்டுவது மிக எளிது. பொதியில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும். நாம் படித்த மிஷன் பாடசாலை விடுதியில் தினமும் காலையில் வெள்ளைப் பாணும் சம்பலும்தான். அதைத் தின்று வளர்ந்த வாய்க்குத் தவிட்டு மாவின் ருசி பிடிபட ஒரு மாதம் சென்றது. பிறகு வெள்ளைப் பாண் பஞ்சைப் போல் இருக்கிறது!

இவற்றுக்கெல்லாம் மேலாக நம் வாசலிலேயே ஒரு தானியம் இருக்கிறது. குரக்கன். தோட்டத்துப் பாட்டிமார் கேப்பை என்பர், ஏட்டில் கேழ்வரகு. நாவுல, தம்புள்ளைப் பக்கத்துச் சேனைகளில் சிங்களக் கமக்காரர் எள்ளோடும் பயற்றோடும் மழையை நம்பி விதைத்துவந்த தானியம் இது. குரக்கன் மணி மிகச் சிறியது. ஆதலால் அரிசியைப் போலத் தோலைத் தீட்டி எறிவது எளிதன்று. தோலோடு அரைபடுகிறது, தோலோடு உண்ணப்படுகிறது. வேண்டாம் என்றாலும் முழுத்தானியம்தான்! நூறு கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. பால்மா விலை ஏறிப் போன இக்காலத்தில் பிள்ளை பெற்ற தாய்மார் இக்கணக்கை மனத்திற் கொள்ள வேண்டும். ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்து அரைத்த மா சிறு பிள்ளைகளின் வயிற்றுக்கும் இலகு. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின், நகரத்தார் இதைப் புதுமை போலப் பேசுகிறார்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் மக்களுக்கு இதில் என்ன புதுமை? அம்மனுக்கு வார்க்கும்போது பிரசாதம். வீட்டில் காய்ச்சினால் ஏழைக் கூழ். இந்த இரட்டை வழக்கை இளைஞர்களாகிய நாம்தான் முதலில் விட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிவப்பரிசியென்றாலும் குவியல் குவியல்தான். நீரிழிவு உள்ளவர் கோப்பையில் பாதி காய்கறிக்கும் கீரைக்கும் போக, மீதியில் ஒரு பங்கே சோறாக இருக்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் தவிட்டுணவுக்கு மாறக் கூடாது. அவர்களுக்கு விலக்க வேண்டிய சில தாதுக்கள் தவிட்டில் கூடுதலாக உள்ளன.

இனி இரண்டாவது விடயத்துக்கு வருவோம். தவிட்டோடு உண்ணச் சொல்கிறீர்கள், தவிட்டில்தானே மருந்தும் ஒட்டியிருக்கும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தானியத்தில் படிந்த பூச்சிநாசினியின் மிச்சம் பெரும்பாலும் வெளித்தோலிலேயே தங்குகிறது. எனவே தவிட்டோடு உண்பவனுக்கே நஞ்சு கலவாத விளைச்சல் மற்றவனை விட அதிகமாக வேண்டும். இரண்டு விடயங்களும் சந்திக்கும் இடம் இதுதான். வடமத்திய மாகாணத்திலும், நமது மாவட்டத்தின் வில்கமுவைப் பக்கத்திலும் எத்தனையோ கமக்காரக் குடும்பங்களைச் சிறுநீரக நோய் வாட்டுகிறது. அந்நோய்க்குக் காரணம் குடிநீரா, இரசாயனமா, வெயிலில் நீரின்றி உழைப்பதா என்று ஆராய்ச்சியாளர் இன்னும் வாதிடுகின்றனர். ஒன்றை மட்டும் சுட்டிக் காட்டி முடிவு கட்டுவது சரியன்று. ஆனால் தெளிகருவியை முதுகில் சுமந்து, முகத்துக்குத் துணி கூடக் கட்டாமல் மருந்தடிக்கும் மனிதனுக்கு அது நன்மை செய்யாது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

அப்படியானால் ஒரே நாளில் இரசாயனத்தை ஒழித்துவிடலாமே? அதையும் இந்நாடு செய்து பார்த்துவிட்டது. 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் பத்து ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்று வாக்குறுதி தந்தார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தார்கள். பத்தாண்டு வேலை ஒரு வர்த்தமானியில் முடிந்தது. போதிய சேதனப் பசளை நாட்டில் இல்லை. எப்படி இடுவது என்று சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2021இல் ஏறத்தாழ 51 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல் 2022இல் 34 இலட்சம் தொன் அளவுக்கு விழுந்தது. தேயிலை 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடியாகக் குறைந்தது. தேயிலை குறைந்தால் யாருடைய அடுப்பு அணையும் என்பதை இந்தச் சபைக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. டொலர் இல்லாத நெருக்கடியும் சேர்ந்து, 2022 செப்தெம்பரில் கொழும்பில் உணவுப் பண்டங்களின் விலை முந்தைய ஆண்டை விட ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்து நின்றது.

இதனால் சேதன விவசாயமே பொய் என்று முடிவு கட்டியவர்கள் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. நமது நாலந்தாவின் கெடிகே என்னும் பழங் கற்கோயிலை எல்லோரும் அறிவீர்கள். வயல் நடுவே இருந்த அது, போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது நீரில் மூழ்கவிருந்தது. கல் கல்லாகப் பிரித்து மேட்டில் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். அதனால் இன்றும் நிற்கிறது. மண்ணும் அப்படித்தான். பல்லாண்டு யூரியாவுக்குப் பழகிய வயல் ஒரு போகத்தில் மாறாது. இன்று பயிரிடும் புதிய நெல்லினங்கள் பசளையை உண்டு விளைவதற்கென்றே உருவானவை. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தார் 1958இல் எச்-4 என்ற இனத்தை வெளியிட்டதிலிருந்து அந்த வரிசை வளர்ந்து வந்தது. அந்த இனங்கள் இல்லாவிடில் பெருகிய மக்களுக்குச் சோறு இருந்திராது. அதை மறப்பது நன்றி கொன்ற செயல்.

பழைய இனங்களுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு. பச்சைப்பெருமாள் என்றொரு சிவப்பு நெல் இருக்கிறது. சிங்களக் கமக்காரரும் அதை அப்பெயராலேயே அழைக்கிறார்கள்! சுவந்தல், களு ஹீனட்டி, மடதவாலு முதலானவற்றோடு சரிசமமாகத் தமிழ்ப் பெயரோடு அது வயலில் நிற்கிறது. வடக்கிலே மொட்டைக்கறுப்பன். இவை விளைச்சலில் குறைந்தவை. ஆனால் அதிகப் பசளை கேளாதவை. யூரியாவை அள்ளிப் போட்டால் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். ஆகவே சேதன முறைக்கு இவை பொருத்தம். விலை கூடுதலாக இருப்பதன் நியாயமும் அந்தக் குறைந்த விளைச்சலில்தான் இருக்கிறது. பாதி நியாயம் என்று சொல்வதே சரி. மற்றப் பாதி கொழும்புக் கடையின் பொதியும் படமும்.

கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்த விலை கட்டுமா என்றால் கட்டாது. அவர்களைப் பார்த்துச் சேதன அரிசி வாங்குங்கள் என்று பிரசங்கிப்பது பாவம். அவர்களுக்கு நாம் சொல்லக் கூடியது வேறு. கையில் நூறு ரூபாய் கூடுதலாக இருந்தால் அதைச் சேதனப் பொதிக்குச் செலவிட வேண்டாம். சாதாரண வயலில் விளைந்த தவிட்டரிசிக்கும், ஒரு பிடி பயற்றுக்கும், ஒரு கட்டுக் கீரைக்கும் செலவிடுங்கள். உடம்புக்குக் கிடைக்கும் நன்மை அதில்தான் அதிகம். நஞ்சில்லாத காய்கறி வேண்டுமென்றால் லயத்துக்குப் பின்னால் நாலு முழ நிலம் போதும். வல்லாரையும் பசளிக் கீரையும் கறிமுருங்கையும் மருந்து கேட்டு அழுவதில்லை.

சங்கமாக என்ன செய்யலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வழியைப் பார்த்தோம். திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் என்பவர் இருந்தார். இயற்கை வேளாண்மைக்கு உழைத்த நம்மாழ்வார் ஐயாவின் வழி வந்தவர். ஊர் ஊராக அலைந்து நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி எடுத்தார். ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, வரும் உழவர்களுக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். காசு வாங்க மாட்டார். அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவே. 2018 திசெம்பரில் அவர் நோயால் காலமான போது, அழிந்தன என்றிருந்த நெல் இனங்கள் பல ஆயிரம் வயல்களில் வளர்ந்துகொண்டிருந்தன. அரசாணையால் ஆகாதது இரண்டு கிலோ கடனால் ஆயிற்று.

இப்பொழுது பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் கோயில் அன்னதானத்தில் தீட்டிய வெள்ளைச் சோறே போட வேண்டும் என்பது ஒரு கௌரவமாக இருந்து வருகிறது. சிவப்பரிசி போட்டால் சாமிக்குக் குறைவு, வந்தவர் முகம் சுளிப்பார் என்று சென்ற கூட்டத்தில் சில பெரியவர்கள் கூறினார்கள். பல் இல்லாதவர் எப்படி மெல்லுவார் என்று ஒரு பாட்டியார் கேட்டார். பாட்டியாரின் கேள்வியே கனமானது. அவருக்குக் குழைய வேகவைத்த புழுங்கலரிசிக் கஞ்சி தனியாக வைப்போம். ஆனால் கௌரவம் பற்றிய கேள்விக்கு எம் பதில் இதுதான்: பந்தியில் உட்காரும் நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு என்று தெரிந்துகொண்டே, அவர் இலையில் வெள்ளைச் சோற்றை மலையாகக் குவித்து, மேலே சர்க்கரைப் பொங்கலும் வைத்து அனுப்புவது அன்னதானமா என்று யோசித்துப் பாருங்கள். முழுவதும் மாற்றச் சொல்லவில்லை. இவ்வாண்டு இரண்டு அண்டாவில் ஒன்று சிவப்பரிசியாக இருக்கட்டும். கேட்பவருக்குக் கேட்டதைப் போடுவோம். பரிமாறும் பொறுப்பு இளைஞருடையது.

இளைஞர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வரும் பெரும்போக மழைக்குச் சங்கத்தின் சார்பில் குரக்கன் விதை வாங்கி, நிலமுள்ள குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு கொத்துக் கடனாகக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். நிலம் இல்லாதோர் லயத்துப் பின்புறத்திலோ வேலி ஓரத்திலோ நாலு வரிசை விதைத்தாலும் போதும். குரக்கன் மூன்று மூன்றரை மாதத்தில் கதிர் முற்றும். ஐப்பசியில் விதைத்தால் தைக் கடைசியில் அறுக்கலாம். மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் போகும் அடியார்களுக்கு இந்தத் தெருவோரத்தில் நம் கையால் விளைந்த குரக்கனில் கூழ் காய்ச்சி ஊற்றலாம். ஒரு கொத்து வாங்கியவர் இரண்டு கொத்தாகத் திருப்பித் தர வேண்டும். மழை பொய்த்துப் பயிர் அழிந்தால் கடன் தள்ளுபடி. விதை வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைக் கொடுக்கலாம்; நிலத்தின் அளவையும் சொன்னால் விதை பிரிப்பதற்கு வசதியாக இருக்கும்.